இந்தியாவுடன் வணிகம் செய்வதால் மொசாம்பிக் போன்ற ஆப்பிரிக்க நாட்டுக்கு என்ன லாபம்?

லாபம் உண்டு. ஆனால் விலை விஷயத்தில் பிடி பெரும்பாலும் நம் கையில்தான். விருதுநகரில் பருப்பு வியாபாரத்தில் இருப்பவன், அதனால் எனக்குத் தெரிந்த துவரையை வைத்தே சொல்கிறேன்.

2015இல் இங்கே துவரம் பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டது நினைவிருக்கும். அடுத்த ஆண்டு ஜூலையில் பிரதமர் மோடி மொசாம்பிக் போனபோது அங்கிருந்து துவரை வாங்க ஒப்பந்தம் போட்டார்கள். முதல் ஆண்டு 1 லட்சம் டன், படிப்படியாக ஏற்றி 2020-21இல் 2 லட்சம் டன். நம் புதுத் துவரை டிசம்பருக்கு மேல்தான் மண்டிக்கு வரும். அவர்கள் அறுவடை அதற்குச் சில மாதம் முன்பே முடிந்துவிடும். இங்கே இருப்பு வற்றும் நேரத்தில் அங்கிருந்து சரக்கு வந்து இறங்கும். இருவருக்கும் தோதான ஏற்பாடு.

அப்புறம் 2016-17இல் நல்ல மழை. நம் நாட்டுத் துவரை விளைச்சல் 45 லட்சம் டன்னைத் தாண்டியது. முந்தைய ஆண்டு 25 லட்சம் டன் சொச்சம்தான். இங்கே விலை ஆதார விலைக்கும் கீழே போனது. 2017 ஆகஸ்டில் அரசு துவரை இறக்குமதிக்கு 2 லட்சம் டன் என்று உச்சவரம்பு போட்டது. ஒப்பந்தம் இருந்ததால் மொசாம்பிக்குக்கு விலக்கு கிடைத்தது. சரி, இங்கேயே கேட்பாரில்லாத சரக்குக்கு அங்கே யார் நல்ல விலை கொடுப்பார்கள்? மொசாம்பிக்கின் ஜாம்பேசியா, நம்புலா மாகாணங்களின் சிறு விவசாயிகள் வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். மக்காச்சோளம் என்றால் வீட்டில் வைத்துச் சாப்பிடலாம். துவரை பெரும்பாலும் நமக்காகவே விளைவது.

அவர்களிடமும் பிடி இல்லாமல் இல்லை. 2023 கடைசியில் அங்குள்ள ஏற்றுமதியாளர்களுக்குள் வழக்கு வந்து நகாலா துறைமுகத்தில் துவரை தேங்கியது. இங்கே மில்காரர்கள் தவித்துப் போனார்கள்.

இன்னொன்று, வருவதில் பெரும்பகுதி முழுத் துவரை. எண்ணெய் தடவி, வெயிலில் காயப்போட்டு, தோல் நீக்கி உடைப்பதெல்லாம் நம் மில்லில். தோலும் குருணையும்கூட வீணாகாது, மாட்டுத் தீவனமாக விலை போகும். அந்தக் கூலியும் காசும் இங்கேயே நிற்கின்றன. 2021இல் ஒப்பந்தத்தை மேலும் ஐந்தாண்டு நீட்டித்தார்கள், ஆண்டுக்கு 2 லட்சம் டன் வீதம். டன் கணக்கை இன்னும் ஏற்றுவதைவிட, அங்கேயே மில்கள் பெருகிப் பருப்பாக அனுப்பினால் அவர்களுக்கு நாலு காசு கூடுதலாக நிற்கும். எங்கள் ஊர் மில்காரர்கள் இதைப் படித்தால் என்னைத் திட்டுவார்கள்.