‘ஃப்ளாபர்காஸ்டட்’ என்றால் என்ன? எங்கே சொல்லலாம், எங்கே கூடாது?

கேள்வி: ‘ஃப்ளாபர்காஸ்டட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு என்ன பொருள்? ஆபீஸ் மெயிலிலும் இன்டர்வியூவிலும் அதைப் பயன்படுத்தலாமா?

ஒன்றைப் பார்த்தோ கேட்டோ, என்ன சொல்வதென்று தெரியாமல் ஒரு கணம் வாயடைத்து நிற்கிறோமே, அந்த நிலைதான் ஃப்ளாபர்காஸ்டட். ‘ஆச்சரியப்பட்டேன்’ இதற்குப் போதாது. ‘வாயடைச்சுப் போயிட்டேன்’, ‘திகைச்சு நின்னுட்டேன்’ என்பவைதான் பக்கத்தில் வரும்.

நான் மும்பையில் சயான், தாராவிப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். வீட்டில் திருநெல்வேலித் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் மராத்தி என்று மூன்று மொழியில் வளர்ந்த பிள்ளைகள். ஆனால் வியப்பு என்று வந்துவிட்டால் அவர்களிடம் இருப்பது ஒரே சொல்: “டீச்சர், ஷாக் ஆயிட்டேன்.” லோக்கல் ரயில் தாமதமானாலும் ஷாக், ஃப்ரெண்டுக்கு வேலை கிடைத்தாலும் ஷாக். அதனால்தான் வியப்பைச் சொல்லும் சொற்களுக்கு நான் தனியாக நேரம் ஒதுக்குகிறேன்.

தொடங்கும்போது ஆங்கில அகராதியை எடுப்பதில்லை, தொல்காப்பியத்தை எடுக்கிறேன். உணர்ச்சிகளைப் பற்றிப் பேசும் அதன் மெய்ப்பாட்டியலில் வியப்புக்குப் பெயர் மருட்கை. அது நான்கு காரணத்தால் பிறக்கும் என்கிறது நூற்பா: புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். இதுவரை காணாதது, மிகப் பெரியது, மிகச் சிறியது, ஒன்று வேறொன்றாக மாறி நிற்பது. அதோடு ‘மதிமை சாலா மருட்கை’ என்று ஒரு அடைமொழியும் சேர்க்கிறது. அறிவு ஈடுகொடுக்க முடியாமல் நிற்கிற வியப்பு. ஃப்ளாபர்காஸ்டட் என்பதற்கு இதைவிடச் சரியான விளக்கத்தை நான் எந்த ஆங்கில அகராதியிலும் பார்த்ததில்லை.

எங்கள் ஊரிலிருந்தே உதாரணம் சொல்கிறேன். 2005 ஜூலை 26 மழையை மும்பைக்காரர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். 24 மணி நேரத்தில் சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் மழை. சென்னைக்கு வருஷம் முழுக்கச் சேர்த்துக் கிடைப்பதே சுமார் 1,400தான். அதே நாளில், அதே ஊரின் தெற்கு முனையான கொலாபாவில் பெய்தது வெறும் 73 மில்லிமீட்டர். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவர் “ஐ வாஸ் ஃப்ளாபர்காஸ்டட்” என்றால் அது மிகப் பொருத்தம். ஆனால் அந்த வெள்ளத்தில் செத்துப்போனவர்களைப் பற்றிப் பேசும்போது இந்தச் சொல் வாயில் வரவே கூடாது.

இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், ஏனென்றால் அகராதியில் இது கிடைக்காது. பொருள் என்னவோ நல்லது கெட்டது இரண்டுக்கும் பொதுதான். எதிர்பாராத பரிசுக்கும் சொல்லலாம், அநியாயமான பில்லுக்கும் சொல்லலாம். ஆனால் சொல்லின் ஓசையிலேயே ஒரு குதூகலம் இருக்கிறது. என்னிடம் படித்த ஒரு பையன், மேனேஜரின் அப்பா இறந்த செய்தி கேட்டு, “ஐ ஆம் ஃப்ளாபர்காஸ்டட் டு ஹியர் திஸ்” என்று டைப் செய்து, அனுப்பும் முன் என்னிடம் காட்டினான். அவன் மனசில் இருந்தது உண்மையான துக்கம். படிக்கிறவருக்கோ அது விளையாட்டாகப் பட்டிருக்கும். சாவு, விபத்து, நோய் என்றால் ‘ஷாக்ட்’ அல்லது ‘டீப்லி சாடன்ட்’ போதும். அங்கே எளிய சொல்தான் மரியாதை.

இலக்கணத்தில் நம்மவர்கள் தடுக்குகிற இடம் இரண்டு. ஒன்று, ‘வெரி ஃப்ளாபர்காஸ்டட்’. தமிழில் ‘ரொம்ப வாயடைத்துப் போனேன்’ என்போமா? ‘அப்படியே வாயடைத்துப் போனேன்’ என்றுதானே சொல்வோம்! அந்த ‘அப்படியே’வின் இடத்தில் ஆங்கிலத்தில் ‘அப்சல்யூட்லி’, ‘கம்ப்ளீட்லி’ வரும். இன்னொன்று, ‘ஐ ஆம் ஃப்ளாபர்காஸ்டிங்’. திகைப்பவர் ஃப்ளாபர்காஸ்டட், திகைக்க வைப்பது ஃப்ளாபர்காஸ்டிங். வீட்டு வாடகை ஃப்ளாபர்காஸ்டிங், அதைக் கேட்ட நீங்கள் ஃப்ளாபர்காஸ்டட். பின்னால் ‘அட்’ அல்லது ‘பை’ சேர்த்துக்கொள்ளுங்கள். உச்சரிக்கும்போது முதல் அசையில் அழுத்தம்.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகள் கேட்பார்கள். தெளிவான வேர் கிடைக்கவில்லை. ‘அகாஸ்ட்’ என்ற, திகிலைக் குறிக்கும் சொல் உள்ளே இருக்கலாம் என்பது அறிஞர்களின் ஊகம். அச்சில் முதலில் அகப்படுவது 1772இல், லண்டனில் வந்த ‘ஆனுவல் ரெஜிஸ்டர்’ என்ற ஆண்டுத் தொகுப்பில். ஊரெல்லாம் புதிதாகச் சொல்லித் திரிகிற சொற்கள் என்று அதில் இதையும் சலிப்பைக் குறிக்கும் ‘போர்ட்’ (bored) என்பதையும் சேர்த்தே குறிப்பிடுகிறார்கள். அந்த இரண்டாவது சொல்லின் குடும்பம் ‘போர் அடிக்குது’ என்று நம் பாட்டிமார் வாய்வரைக்கும் வந்துவிட்டது. அதோடு பிறந்த இது இன்னும் ஆங்கிலத்திலேயே நிற்கிறது!

ஆபீஸ் மெயிலில் வேண்டாம். ‘சர்ப்ரைஸ்ட்’ போதும். கட்டுரை மாதிரி கொஞ்சம் கம்பீரமாக எழுத வேண்டுமென்றால் ‘அஸ்டானிஷ்ட்’ இருக்கிறது. அதன் லத்தீன் வேரில் இடிமுழக்கம் இருக்கிறது, நாம் ‘இடி விழுந்தாற்போல’ என்பதற்கு ஒருவகையில் உறவு. ஒருவரைப் பாராட்டுவதானால் ‘அமேஸ்ட்’. ‘காப்ஸ்மாக்ட்’ என்பது பிரிட்டிஷ் கொச்சை, நம் ஊரில் பலருக்குப் புரியாது.

இன்டர்வியூவில், நடந்த ஒன்றைக் கதையாகச் சொல்லும்போது ஒரு தடவை சொல்லலாம். அதற்கு முன் வீட்டில் சத்தமாகப் பத்து முறை சொல்லிப் பாருங்கள். நாக்கு தடுமாறினால் ‘ஸ்டன்ட்’ என்று சொல்லிவிட்டு மேலே போங்கள், ஒரு மார்க்கும் குறையாது.