பாலே நட்சத்திரம் நடத்தும் டாங்கோ நிகழ்ச்சி, டாங்கோதானா?

கேட்டவர் சொல்வது இது: பாலேவில் பெரிய பெயரெடுத்த ஒருவர், அர்ஜென்டினாவின் ஜோடி நடனமான டாங்கோ ஆடும் ஒரு குழுவோடு ஊர் ஊராகப் போகிறார். டிக்கெட் விலை அதிகம். அது அசல் டாங்கோவா, இல்லை பாலேவுக்குக் கறுப்பு கோட்டு மாட்டிவிட்டதா? போகலாமா?

போகலாம். ஆனால் 'அசலா' என்ற கேள்வியை மட்டும் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

வேலைக்காக டொராண்டோவில் இருந்தபோது இரண்டு வருஷம் டாங்கோ கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டேன் என்றால், வகுப்புக்குப் போனேன், அவ்வளவுதான். ஒரு தேவாலயத்தின் அடித்தளத்தில் வாரம் ஒருநாள். புதிதாகச் சேர்ந்த பத்துப் பன்னிரண்டு பேரில் ஒரு பெண் சின்ன வயதிலிருந்தே பாலே ஆடியவள். அவள் நிற்பதைப் பார்த்தாலே எங்களுக்கெல்லாம் கூச்சமாக இருக்கும். முதல் நாள் எங்கள் அர்ஜென்டினா ஆசிரியை எந்த அசைவும் சொல்லித்தரவில்லை. நடக்கச் சொன்னார். ஒரு மணி நேரமும் நடைதான். அந்தப் பெண்தான் அசத்தப்போகிறாள் என்று நினைத்தோம். அவள்தான் அதிகம் திணறினாள்.

பாலேவில் இடுப்பிலிருந்தே கால்களை வெளிப்பக்கம் திருப்பி வைத்துப் பழக்குவார்கள். உடம்பு எப்போதும் மேலே போகப் பார்க்கும். டாங்கோவில் பாதம் கிட்டத்தட்ட இணையாக, ஒன்றையொன்று உரசிக்கொண்டு போகும். எடை தரைக்குள் இறங்க வேண்டும். அதைவிட முக்கியம், எதிரில் இருப்பவரின் நெஞ்சு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை உங்கள் நெஞ்சால் கேட்க வேண்டும். காலை எங்கே வைப்பது என்பது அதற்குப் பிறகுதான். அந்தப் பெண்ணின் ஒவ்வொரு அடியும் அழகு. ஆனால் கூட ஆடியவனுக்கு அவள் எங்கே இருக்கிறாள் என்றே தெரியவில்லை. "நீ நன்றாக நடக்கிறாய், தனியாக நடக்கிறாய்" என்றார் ஆசிரியை. திட்டினாரா பாராட்டினாரா என்று எங்களுக்குள் ரொம்ப நாள் விவாதம் நடந்தது.

அதனால்தான் டாங்கோ ஆடும் பாலே நட்சத்திரம் என்று ஹூலியோ போக்காவின் பெயர் முதன்முதலில் காதில் விழுந்தபோது எனக்கு நம்பிக்கையே இல்லை. உங்கள் கேள்விக்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. அர்ஜென்டினாவின் தலைநகரான புவெனஸ் அயர்ஸ்காரர், 1967இல் பிறந்தவர். அம்மாவே பாலே ஆசிரியை. அந்த ஊரின் தியாத்ரோ கொலோன் அரங்கின் பள்ளியில் படித்து, 1985இல் மாஸ்கோ பாலே போட்டியில் தங்கம் வாங்கினார். அடுத்த வருஷமே நியூயார்க்கின் அமெரிக்கன் பாலே தியேட்டர் குழுவில் முதன்மை ஆட்டக்காரர். 1990இல் சொந்தமாக பாலே அர்ஜென்டினோ என்ற குழுவைத் தொடங்கினார். 2001இல் அந்தக் குழு 'போக்காடாங்கோ' என்ற நிகழ்ச்சியை மேடையேற்றி, பிறகு பல நாடுகளுக்கு எடுத்துச் சென்றது. நடன அமைப்பு ஆனா மரியா ஸ்டேகெல்மான். டாங்கோ, நவீன நடனம் இரண்டிலும் கால் வைத்திருந்தவர் அவர். நான் பார்த்ததெல்லாம் பதிவுகளில்தான், நேரில் வாய்க்கவில்லை.

அதில் ஒரு துண்டு இருக்கிறது. போக்கா ஒரு மேசையோடு ஆடுவார். ஜோடி கிடையாது, வெறும் மேசை. அதன்மேல், அதற்கடியில், அதைச் சுற்றி. இரண்டு பேர் ஆடும் ஆட்டம் என்று பெயரெடுத்த டாங்கோவில் ஆளே இல்லாமல் ஆடுகிறாரே என்று முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அவர் அங்கே சந்துமுனை ரவுடி மாதிரி தொப்பியைச் சாய்த்துப் போட்டு நடிக்கவில்லை. தன்னிடம் இருக்கும் கலையை, அந்தச் சுழற்சியை, அந்தச் சமநிலையை அப்படியே கொண்டுவந்து அந்த இசைமுன் வைக்கிறார். எனக்கு அது போதும். பாலே ஆள் பாலே ஆளாகவே இருந்துகொண்டு டாங்கோவிடம் போவது ஒன்று. பாலே ஆள் வேஷம் கட்டிக்கொண்டு டாங்கோக்காரன் என்று சொல்வது இன்னொன்று. காசு கொடுக்கலாமா வேண்டாமா என்பது, உங்கள் ஊருக்கு வருபவர் இதில் எந்த ரகம் என்பதைப் பொறுத்தது.

இதற்கு நேரெதிரான ஆளையும் சொல்ல வேண்டும். 1983இல் பாரிஸில் தொடங்கி 1985இல் நியூயார்க்கின் பிராட்வே அரங்குகளுக்குப் போன 'டாங்கோ அர்ஹென்டினோ' நிகழ்ச்சிதான் உலகம் முழுக்க இந்த ஆட்டத்தின்மேல் மறுபடி பைத்தியம் பிடிக்க வைத்தது. அதன் நட்சத்திரங்களில் ஒருவர் விருலாசோ. அறுபதை நெருங்கிய வயது, நூறு கிலோவைத் தாண்டிய உடம்பு, முன்னால் தள்ளிய தொப்பை. அந்த மனிதர் தன் ஜோடி எல்விராவோடு மேடையில் நடக்க ஆரம்பித்தால் போதும், காலைத் தூக்க வேண்டிய அவசியமே இருக்காது. போக்காவால் அந்த நடையைத் தொட முடியாது. விருலாசோவால் அந்த மேசையைத் தொட முடியாது. யாரும் தொட வேண்டும் என்றும் இல்லை.

மேடை டாங்கோ என்பதே தனி இனம். புவெனஸ் அயர்ஸில் 2003இலிருந்து நடக்கும் உலகப் போட்டியிலேயே கூடத்து டாங்கோ, மேடை டாங்கோ என்று இரண்டு பிரிவு வைத்திருக்கிறார்கள். மக்கள் கூடி ஆடும் இடத்துக்கு மிலோங்கா என்று பெயர். அங்கே எல்லா ஜோடிகளும் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் வரிசையாக நகரும். யாராவது இடுப்புயரத்துக்குக் காலை வீசினால் பக்கத்து ஆளின் முழங்கால் பதம் பார்க்கப்படும், அடுத்த வாரம் அவரோடு ஆட யாரும் வரமாட்டார்கள். மேடையில் அந்தப் பயம் இல்லை. அதனால் அங்கே தூக்கல், வீச்சு, சுழற்சி எல்லாம் வந்து சேர்ந்தன, அவற்றில் பல பாலேவிலிருந்து வந்தவைதான். 'கலப்படம்' என்று திட்டுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

இசையிலும் இதே கதை. பாலே ஆட்கள் டாங்கோ எடுத்தால் பெரும்பாலும் இசையமைப்பாளர் ஆஸ்டர் பியாசோலாவிடம்தான் போவார்கள். காரணம் உண்டு. மிலோங்காவில் ஒலிப்பதெல்லாம் முப்பதுகளின் நடுவிலிருந்து ஐம்பதுகள் வரையிலான இசைக்குழுக்கள்: தாரியென்சோ, தி சார்லி, த்ரொய்லோ, புக்லியேசே. த்ரொய்லோ குழுவில் பந்தோனியோன் என்ற துருத்திப் பெட்டியை வாசித்து வளர்ந்த பியாசோலா பிறகு உட்கார்ந்து கேட்கும் இசையாக டாங்கோவை மாற்றினார். பழைய ஆட்கள் அவரைக் கரித்துக் கொட்டினார்கள். ஆடுகளத்தில் யாரும் உரிமை கொண்டாடாத இசை என்பதால், நடன அமைப்பாளர்களுக்கு அது காலி மனை மாதிரி.

நீங்கள் டிக்கெட் வாங்கும் முன் ஒன்றை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்: இசைக்குழு மேடையில் இருக்கிறதா, பதிவு ஓடுகிறதா? பந்தோனியோன் நம் ஆர்மோனியத்துக்குத் தூரத்து உறவு, ஜெர்மனியில் பிறந்து கப்பலேறிப் போன பெட்டி. பெரும்பாலானவற்றில் ஒரே பொத்தானுக்குத் துருத்தியை விரிக்கும்போது ஒரு சுரம், மூடும்போது வேறு சுரம். அது மூச்சு வாங்குவதைக் கேட்டபடி ஆடுபவர்களுக்கும், ஒலிபெருக்கிக்கு ஆடுபவர்களுக்கும் வித்தியாசம் தெரியும். பதிவு என்றால் நான் அந்த விலை கொடுக்கமாட்டேன்.

இரண்டு ஆண்கள் சேர்ந்து ஆடும் காட்சி வந்தால் 'நவீனப் புரட்சி' என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் காலத்தில் ஆண்கள் ஆண்களோடு ஆடிப் பழகித்தான் பெண்களை ஆட அழைத்தார்கள். ஸ்பானிய இயக்குநர் கார்லோஸ் சௌராவின் 1998ஆம் வருஷத்து 'டாங்கோ' படத்தில் போக்காவும் டாங்கோக்காரர் கார்லோஸ் ரிவரோலாவும் சேர்ந்து ஆடுவார்கள். பாலே உடம்பும் டாங்கோ உடம்பும் எங்கே பிரிகின்றன என்று பார்க்க அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

முன்வரிசை வேண்டாம், பாதம் தெரியாது. பால்கனியின் முதல் வரிசை கிடைத்தால் எடுங்கள். காலை எத்தனை தரம் வீசினார்கள் என்று எண்ணாதீர்கள். ஜோடி நகராமல் நிற்கும் இடங்களைப் பாருங்கள். கடைசியில் எல்லோரும் கைகோத்து வணங்க வரும்போது கண்ணைக் கீழே இறக்குங்கள். இவ்வளவு நேரம் கட்டுப்பாட்டில் இருந்த பாதங்களில் சில, நிகழ்ச்சி முடிந்த நிம்மதியில், தானாக வெளிப்பக்கம் திரும்பிக்கொள்ளும். யார் எங்கிருந்து வந்தவர் என்று அப்போது தெரிந்துவிடும்.