கரண்டு வந்தது, கம்ப்யூட்டர் எழவில்லை: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கரண்டையும் மழையையும் பற்றியவை. விண்டோஸைக் குறை சொல்வதற்கு முன் இந்த இரண்டையும் பார்த்துவிடுங்கள். கெட்டுப்போச்சு என்று கடைக்குத் தூக்கிப்போகிற பல கம்ப்யூட்டர்களை வீட்டிலேயே சரிசெய்துவிடலாம்.

ராத்திரி போன கரண்டு விடியற்காலையில்தான் வந்தது. அதிலிருந்து சிபியு பட்டனை அமுக்கினால் விளக்கும் எரியவில்லை, விசிறியும் சுற்றவில்லை. பவர் சப்ளை போய்விட்டதா ஐயா? (வாசகர், தாம்வே, யாங்கூன்)

போயிருக்கலாம். ஆனால் அந்த முடிவுக்கு வருமுன் செய்து பார்க்க நாலைந்து வேலை இருக்கிறது. கரண்டு திரும்பி வருகிற நொடியில் வோல்டேஜ் தாறுமாறாக ஏறி இறங்கும். அப்போது பவர் சப்ளைக்குள் இருக்கும் பாதுகாப்புச் சுற்று தன்னைத்தானே பூட்டிக்கொண்டு, பட்டனை எத்தனை முறை அமுக்கினாலும் திறக்காமல் இருப்பதுண்டு. சிபியுவின் பின்பக்கக் கேபிளைப் பிடுங்குங்கள். பிடுங்கிய நிலையிலேயே முன்பட்டனை 20 நொடி விடாமல் அமுக்குங்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேபிளைச் செருகிப் பாருங்கள்.

அப்படியும் எழவில்லையென்றால் மானிட்டரின் கேபிளைக் கழற்றிச் சிபியுவில் மாட்டுங்கள். பெரும்பாலான மானிட்டருக்கும் சிபியுவுக்கும் ஒரே வகைக் கேபிள்தான். இதில் எழுந்தால் கெட்டது கேபிள். அடுத்து, பல பிளக் செருகும் பலகையை விட்டுவிட்டு நேராகச் சுவர் பிளக்கில் போடுங்கள். பலகையின் துளைக்குள் பித்தளைப் பட்டை தளர்ந்து, டேபிள் ஃபேனுக்குப் போதுமான கரண்டு வந்தாலும் கம்ப்யூட்டருக்கு வராமல் போகும். துளை ஓரம் பழுப்பேறியிருந்தால், தொட்டால் சுட்டால், அந்தப் பலகையைத் தூக்கிப் போடுங்கள்.

பழைய பவர் சப்ளையில் பின்பக்கம் 115, 230 என்று சிவப்புச் சுவிட்சு ஒன்று இருக்கும். நம் பர்மாவில் அது 230இல்தான் நிற்க வேண்டும். துடைக்கும்போது கைபட்டு 115க்கு நகர்ந்துவிட்டால், கரண்டு கொடுத்த உடனே வெடிச் சத்தத்தோடு போய்விடும்.

மதர்போர்டில் (சிபியுவுக்குள் இருக்கும் பெரிய சுற்றுப் பலகை) சின்ன விளக்கு எரிந்தும் பட்டன் வேலை செய்யவில்லையா? பட்டனே பழுதாகியிருக்கலாம். கரண்டைப் பிடுங்கிவிட்டு மூடியைத் திறந்தால், முன்பக்கத்திலிருந்து மதர்போர்டுக்குப் போகும் மெல்லிய வயர்களின் முனையில் பவர், ரீசெட் என்று எழுதியிருக்கும். பவர் முனையைப் பிடுங்கி, அந்த இடத்தில் ரீசெட் முனையைச் செருகுங்கள். இனி ரீசெட் பட்டன்தான் பவர் பட்டன். பல வருடம் இப்படியே ஓட்டலாம்.

பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டர், கரண்டைப் பிடுங்கிய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் தேக்கி வைத்திருக்கும். இவ்வளவும் செய்து எழவில்லையென்றால் அப்போது கடைக்குப் போங்கள். இனிமேல், கரண்டு போனதும் சுவர்ச் சுவிட்சை அணைத்துவிடுங்கள். கரண்டு வந்து பத்து நிமிடம் கழித்துப் போடுங்கள்.

ஒவ்வொரு நாளும் கம்ப்யூட்டரைப் போட்டால் தேதி ஏதோ பழைய வருடத்தைக் காட்டுகிறது. இன்டர்நெட்டில் எந்தப் பக்கமும் திறக்கவில்லை, பாதுகாப்பு இல்லை என்று எச்சரிக்கிறது. வைரஸ் என்று பக்கத்து வீட்டுத் தம்பி சொல்கிறான். (வாசகி, மோல்மேன்)

வைரஸ் இல்லை அம்மா, பேட்டரி. மதர்போர்டில் காசு மாதிரி ஒரு வட்டப் பேட்டரி இருக்கும். அதன் எண் சிஆர் 2032, அளவு 3 வோல்ட். கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும் பிளக்கில் கரண்டு இருக்கும்வரை கடிகாரம் அந்தக் கரண்டில் ஓடும். பிளக்கில் கரண்டு இல்லாதபோதுதான் இந்தப் பேட்டரி தேயும். நாளில் பாதி நேரம் கரண்டு இல்லாத ஊரில் அது சீக்கிரம் தீர்ந்துபோவதற்கு இதுதான் காரணம்.

பக்கங்கள் திறக்காததும் இதனால்தான். பெரும்பாலான இணையதளங்களுக்கு ஒரு பாதுகாப்புச் சான்றிதழ் உண்டு. அது இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை செல்லும் என்று அதிலேயே இருக்கும். கம்ப்யூட்டர் தன்னை 2009ஆம் வருடத்தில் இருப்பதாக நினைத்தால், அந்தச் சான்றிதழ் இன்னும் தொடங்கவே இல்லை என்று தள்ளிவிடும்.

பேட்டரியை மாற்றுமுன், கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸுக்குள் போய் (தொடங்கும்போது டெலிட் அல்லது எஃப்2 பொத்தானை விட்டுவிட்டுத் தட்டுங்கள்) ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரியை எடுத்தால் அந்த அமைப்புகள் கம்பெனி வைத்த ஆரம்ப நிலைக்குப் போய்விடும். முக்கியமாக, டிஸ்க்கோடு பேசும் முறையைச் சொல்லும் சாட்டா என்ற வரியில் ஏஹெச்சிஐ என்றோ ஐடிஇ என்றோ இருக்கும். அது மாறினால் விண்டோஸ் பாதியில் நீலத்திரை காட்டி நின்றுவிடும். பலர் இங்கேதான் பயந்து விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிடுகிறார்கள். படத்தில் இருந்தபடி மாற்றி வைத்தால் போதும்.

மாற்றும் வேலை: கரண்டைப் பிடுங்குங்கள், கேஸின் இரும்பைத் தொடுங்கள், ஓரத்துக் கொக்கியை நகத்தால் தள்ளினால் பேட்டரி துள்ளி வரும். புதியதைக் கூட்டல் குறி மேலே தெரியும்படி வையுங்கள். மீட்டர் இருந்தால் அளந்து வாங்குங்கள். புதியது 3 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது. பிறகு விண்டோஸில் நேர மண்டலம் யாங்கூன், யுடிசி +6:30 என்று இருக்கிறதா பாருங்கள். இந்தியாவிலிருந்து வந்த கம்ப்யூட்டர் +5:30இல் நின்று ஒரு மணி நேரம் பிந்திக் காட்டும்.

மழை தொடங்கியதிலிருந்து விசிறி சுற்றுகிறது, படம் வருவதில்லை. சில நாள் தானாக வருகிறது. பீப் பீப் என்று சத்தமும் உண்டு. (வாசகர், தட்டோன்)

மே நடுவிலிருந்து அக்டோபர் வரை ஈரம் குறையாத காற்று. ரேம் என்ற நினைவகப் பட்டையின் தங்கநிறப் பற்களிலும் அது உட்காரும் குழியிலும் படலம் படிகிறது. தானாக வருவதும் போவதும் அதற்கான அடையாளம்.

கரண்டைப் பிடுங்கி, குழியின் இரு முனைக் கொக்கிகளையும் விரித்து ரேமை எடுங்கள். வெள்ளை அழிரப்பரால் பற்களை இரு பக்கமும் மெதுவாகத் தேயுங்கள். தூளைச் சுத்தமான பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் உள்ளே போகும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கிடைத்தால் பஞ்சில் தொட்டுத் துடைத்து, காய்ந்த பிறகு போடுங்கள். மண்ணெண்ணெய் வேண்டாம், சென்ட்டும் வேண்டாம். திரும்ப வைக்கும்போது கொக்கிகள் 'டிக்' என்று தானாக மூடும்வரை அமுக்க வேண்டும். கைநடுங்கிப் பாதி அமுக்கி விட்டுவிடுவதுதான் இந்த வேலையில் வழக்கமாக நடக்கிற பிழை. இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள்.

மூடியைத் திறந்ததோடு பின்பக்கத்தையும் பாருங்கள். கார்டு எடுத்த இடத்தில் தகடு இல்லாமல் ஓட்டை இருந்தால் சூட்டைத் தேடிப் பல்லி உள்ளே போகும். அது பவர் சப்ளைக்குள் புகுந்தால் பல்லியும் போகும், பெட்டியும் போகும். தகடு இல்லையென்றால் கொசுவலைத் துண்டை ஒட்டி அடையுங்கள்.

தமிழ்ப் பள்ளிக்காகப் பல வருடமாகத் தட்டச்சு செய்த பாடங்கள் புதுக் கம்ப்யூட்டரில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரிகின்றன. பழைய பர்மியக் கடிதங்களும் எழுத்துக் கலைந்து கிடக்கின்றன. எல்லாம் அழிந்துவிட்டதா? (ஓய்வுபெற்ற ஆசிரியை, பாகோ)

ஒரு எழுத்தும் அழியவில்லை அம்மா. இரண்டும் வேறு வேறு சிக்கல்.

தமிழ்ப் பாடங்கள் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருக்கின்றன. அதில் கம்ப்யூட்டர் சேமித்தது ஆங்கில எழுத்துகளைத்தான். எழுத்துரு அவற்றைத் தமிழ் வடிவத்தில் காட்டியது. பழைய கம்ப்யூட்டரிலிருந்து எழுத்துருக் கோப்பை எடுத்து இதில் நிறுவினால் உடனே படிக்கலாம். நிரந்தரத் தீர்வு, இணையத்தில் கிடைக்கும் மாற்றி மென்பொருள்களில் போட்டு, எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஒரேபோல் தெரியும் பொது எழுத்துமுறையான யுனிகோடாக மாற்றுவது. மாற்றிய பிறகு ஒவ்வொரு பக்கத்தையும் கண்ணால் பாருங்கள். பாடத்துக்கு நடுவே நிஜமான ஆங்கிலச் சொல் இருந்தால் அந்த மென்பொருள் அதையும் தமிழாக்கிக் குழப்பியிருக்கும்.

பர்மியக் கடிதங்கள் ஜாவ்ஜி என்ற பழைய பர்மிய எழுத்துருவில் எழுதப்பட்டவை. 2019 அக்டோபர் 1இலிருந்து நாடு யுனிகோடுக்கு மாறியது. இந்த இரண்டும் ஒரே எண் இடங்களை வேறு விதமாகப் பயன்படுத்துவதால், எது எதுவென்று கம்ப்யூட்டருக்குச் சட்டென்று பிடிபடாது. கடிதத்தைத் தேர்ந்தெடுத்து எழுத்துருவை ஜாவ்ஜி ஒன் என்று மாற்றுங்கள். ஒழுங்காகத் தெரிந்தால் அது ஜாவ்ஜிதான், மாற்றியில் போடலாம். ஏற்கெனவே யுனிகோடில் இருப்பதைத் தவறிப்போய் மாற்றியில் போட்டால் கெட்டுப்போகும். அதனால் மூலக் கோப்பைத் தனியாக வைத்துக்கொண்டு நகலில் மட்டும் வேலை செய்யுங்கள்.

கம்ப்யூட்டர் தொடங்கவே கால் மணி நேரம் ஆகிறது. ஃபார்மட் அடித்தால் சரியாகும் என்கிறார் கடைக்காரர். பிள்ளைகளின் படங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. (வாசகர், சிரியம்)

படங்களை வேறு டிஸ்க்கில் எடுத்து, அவை திறக்கின்றன என்று உங்கள் கண்ணால் பார்க்கும்வரை யாரையும் ஃபார்மட் அடிக்க விடாதீர்கள்.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்கினால் டாஸ்க் மேனேஜர் வரும். டிஸ்க் என்ற பத்தி 100 சதவீதத்திலேயே நிற்கிறதென்றால் ஹார்ட் டிஸ்க்தான் இழுக்கிறது. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டு, 05, சி5 என்ற இரண்டு வரிகளைப் பாருங்கள். முதலாவது கெட்டுப்போய் மாற்றப்பட்ட பகுதிகள், இரண்டாவது கெடும் நிலையில் இருப்பவை. இரண்டிலும் கடைசிப் பத்தியில் (ரா வேல்யூஸ்) பூஜ்யம் இருக்க வேண்டும். எண் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க் சாகிறது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்டு போவதும் டிஸ்க்குக்குக் கெடுதல். முதலில் படங்கள், அடுத்துக் கடிதங்கள், கடைசியில் சினிமா என்ற வரிசையில் நகலெடுங்கள். அதற்கு முன்னால் பிழை தேடும் சோதனைகளை ஓட்டாதீர்கள், சாகும் டிஸ்க்கை அது இன்னும் அலைக்கழிக்கும். டக் டக் என்ற சத்தம் வந்தால் உடனே அணைத்துவிடுங்கள்.

எண்கள் பூஜ்யமென்றால் டிஸ்க் நல்லது, வேகம்தான் போதவில்லை. 256 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) ஒன்றைப் போட்டு, விண்டோஸை அப்படியே அதற்கு நகலெடுக்கச் சொல்லுங்கள். ரேம் 4 ஜிபி என்றால் 8 ஆக்குங்கள்.

யுபிஎஸ் வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை, ஒரு நிமிடம்கூடத் தாங்குவதில்லை. (வாசகர், யாங்கூன்)

உள்ளே இருப்பது 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் ஈய பேட்டரி. அது முழுதாக ஏற ஆறு முதல் எட்டு மணி நேரம் வேண்டும். கரண்டு நான்கு மணி நேரம் வந்து மறுபடி போனால் அரைகுறை ஏற்றத்திலேயே கிடந்து தகடுகளில் சல்பேட் படிந்து செத்துவிடும். அதே அளவு பேட்டரியை வாங்கி மாற்றலாம், யுபிஎஸ்ஸை மாற்ற வேண்டியதில்லை. சிவப்பு வயர் கூட்டலுக்கு, கறுப்பு கழித்தலுக்கு. மாற்றியதும் எட்டு மணி நேரம் ஏற விடுங்கள்.

லேசர் பிரிண்டரை அதில் மாட்டாதீர்கள், சூடாக்கும் உருளை இழுக்கும் கரண்டை 650 விஏ யுபிஎஸ் தாங்காது. ஜெனரேட்டர் ஓடும்போது யுபிஎஸ் டிக் டிக் என்று மாறிக்கொண்டே இருந்தால், ஜெனரேட்டரின் வேகம் நிலையாக இல்லை என்று அர்த்தம். அப்போதும் பேட்டரிதான் தேய்கிறது. அந்த நேரத்துக்கு லேப்டாப்பே நல்லது. பழைய பேட்டரியைக் குப்பையில் போடாமல் பேட்டரிக் கடையிலேயே கொடுத்துவிடுங்கள், உள்ளே ஈயமும் அமிலமும் இருக்கின்றன.