ஒரே கம்பியில் கோத்த கடிதங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் தொடக்க கால நீதிபதி ஜேம்ஸ் ஐரடெல்லின் கடிதங்களைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். நான் வக்கீலாகி நான்கு வருடம் ஆகிறது, சீனியர் ஒருவரிடம் ஜூனியராக இருக்கிறேன். கட்டுரை பிடித்திருந்தது. ஆனாலும் இரண்டு விஷயங்கள் உறுத்துகின்றன.

நீதிபதியை அவருடைய தீர்ப்பை வைத்துத்தான் எடைபோட வேண்டும் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்திருக்கிறார்கள். பாதை மோசம், படுக்கை மோசம் என்று அவர் மனைவிக்கு எழுதியதைப் படித்துச் சட்டத்தைப் பற்றி என்ன தெரிந்துகொள்ள முடியும்? தொழில் சம்பந்தமான கடிதங்களை மட்டும் படித்தால் போதாதா? தனக்கு வந்த கடிதத்தை ஊரே படிக்கும் என்று அந்த அம்மையார் நினைத்திருப்பாரா?

இன்னொன்று. அவர் அடிமைகளை வைத்திருந்தவர். உங்கள் கட்டுரை அதை ஒரே வரியில் கடந்துவிட்டது.

படிக்க வேண்டும் என்றால் எங்கிருந்து தொடங்கலாம் என்றும் சொன்னால் நன்றாக இருக்கும்.

ம.,
திருநெல்வேலி

அன்புள்ள ம.,

உங்கள் இரண்டாவது விஷயத்தில் நீங்கள் சொல்வதுதான் சரி. ஒரு வரியில் கடந்தது என் தவறு. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

என் தாத்தா வீட்டில் வந்த கடிதங்களை எல்லாம் ஒரு கம்பியில் குத்தி வைப்பார். அத்தை பிரசவித்த செய்தி, நிலத் தகராறில் வக்கீல் அனுப்பிய அட்டை, கல்யாணப் பத்திரிகை, கூட்டுறவுச் சங்க நோட்டீஸ் எல்லாம் வந்த வரிசையில் ஒரே கம்பியில் தொங்கும். பிரித்து வைக்கலாமே என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "எதுக்குப் பிரிக்கணும், எல்லாம் நமக்கு வந்ததுதானே" என்றார். ஐரடெல்லின் கடிதங்களில் தொழில் எது, குடும்பம் எது என்று பிரிக்க உட்கார்ந்தபோதுதான் அவர் சொன்னது எனக்கு விளங்கியது.

பிரிக்கப் பார்த்தால் என்ன ஆகிறது என்று சொல்கிறேன். ஐரடெல் 1751ல் இங்கிலாந்தில் பிறந்தவர். பிரிஸ்டலில் வியாபாரம் செய்த தந்தை நோயில் விழ, வியாபாரமும் படுத்துவிட்டது. உறவினர் தயவில் வட கரோலைனாவின் ஈடன்டன் துறைமுகத்தில் சுங்க அலுவலக வேலை கிடைத்து, 1768ல் பதினேழு வயதில் கப்பல் ஏறினார். பெற்றோருக்குப் பணம் அனுப்பும் பொறுப்பும் அவர் தலையில் இருந்தது. அங்கே சாமுவேல் ஜான்ஸ்டன் என்ற வக்கீலிடம் சட்டம் பயின்றார். 1773ல் அவருடைய தங்கை ஹன்னாவையே மணந்தார். குருவே மைத்துனர் ஆனார். இனிமேல் இருவரும் எழுதிக்கொண்ட கடிதங்களைத் தொழில், குடும்பம் இரண்டில் எதோடு சேர்ப்பீர்கள்?

1771ல் அவர் தந்தைக்கு எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. பிளாக்ஸ்டனின் சட்ட விளக்க நூலை வாங்கி அனுப்பும்படி அதில் கேட்கிறார். நோயாளித் தந்தைக்கு மகன் எழுதியது என்றால் அது குடும்பக் கடிதம். ஆனால் பின்னாளைய நீதிபதி உருவாகத் தொடங்கியதும் அந்தக் காகிதத்தில்தான். ஜமைக்காவில் தந்தையின் பணக்காரச் சகோதரர் ஒருவர் இருந்தார். ஐரடெல் பிரிட்டனுக்கு எதிரான அமெரிக்கப் புரட்சிப் பக்கம் சாய்ந்ததால், சொத்தில் அவருக்கு ஒன்றும் இல்லை என்று ஆக்கிவிட்டார். மன்னரின் சம்பளம் வாங்கும் சுங்க அதிகாரியாக இருந்துகொண்டே குடியேற்றங்களுக்காக எழுதியவர் அவர். அந்தக் கொள்கைக்கு என்ன விலை கொடுத்தார் என்பதைச் சொல்வது குடும்பக் கடிதங்கள்தான்.

சரி, சாலைக்கு வருவோம். உங்களை உறுத்தியதும் அதுதான்.

1789ஆம் ஆண்டு நீதித்துறைச் சட்டப்படி உச்ச நீதிமன்றத்தில் ஆறு நீதிபதிகள். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் தலைநகரில் அமர்வதோடு அவர்கள் வேலை முடியவில்லை. நாட்டை மூன்று சுற்றுகளாகப் பிரித்து, சுற்றுக்கு இரண்டு பேர் என்று வருடத்துக்கு இரண்டு முறை ஊர் ஊராகப் போய் வழக்கு விசாரிக்க வேண்டும். கரோலைனாக்களும் ஜார்ஜியாவும் அடங்கிய தெற்குச் சுற்றுதான் மிகப் பெரியது. 1790ல் வாஷிங்டன் நியமித்தபோது ஐரடெல்லுக்கு 38 வயது, அந்த மன்றத்திலேயே இளையவர். ஒரு சுற்றை முடிக்க ஏறக்குறைய 1,900 மைல் பயணம் செய்ததாக எழுதியிருக்கிறார். நம் கணக்கில் 3,000 கிலோமீட்டருக்கு மேல், அதுவும் குதிரை வண்டியில். ஆண்டுக்கு 3,500 டாலர் சம்பளம், வழிச்செலவு அதற்குள்ளேயே. ஒருமுறை குதிரை மிரண்டு வண்டியிலிருந்து தூக்கி எறியப்பட்டு, சக்கரம் காலில் ஏறியது. இன்னொரு முறை ஒரே அறையில் ஐந்து பேரோடு, ஒவ்வாத ஆள் ஒருவரோடு ஒரே படுக்கையில் படுக்க வேண்டி வந்தது. இவை ஹன்னாவுக்கு எழுதிய கடிதங்களில் வருகிற செய்திகள்.

இதில் சட்டம் எங்கே என்று கேட்கிறீர்கள். 1791ல் அவர் சக நீதிபதிகளுக்கு எழுதினார்: தெற்குச் சுற்றை ஒருவரே நிரந்தரமாகச் சுமக்க முடியாது, எல்லோரும் முறை வைத்துப் போக வேண்டும் என்று. அவர் படும் பாடு அவர்களுக்குத் தெரிந்தது, ஆனால் ஏற்பாட்டை மாற்ற அவர்கள் இணங்கவில்லை. அப்போது வட கரோலைனாவின் செனட்டர்களில் ஒருவர் யார்? அதே மைத்துனர் ஜான்ஸ்டன். 1792 ஏப்ரலில் காங்கிரஸ் ஒரு சட்டம் செய்தது. மற்ற நீதிபதிகள் எல்லோரும் ஒரு சுற்றுக்குப் போய் வரும் வரை, ஏற்கெனவே போனவரை அவர் சம்மதம் இல்லாமல் அதே சுற்றுக்கு மறுபடி அனுப்பக் கூடாது என்றது அது. அந்த ஆகஸ்டில் நீதிபதிகள் அனைவரும் சேர்ந்து வாஷிங்டனுக்கு எழுதினார்கள். 1793ல் சுற்றுக்கு ஒரு நீதிபதி போதும் என்று ஆனது. உச்ச நீதிமன்றம் எப்படி இயங்க வேண்டும் என்ற கேள்வி அது. ஒரு மனிதனின் முதுகுவலியில் தொடங்கி, மனைவிக்கும் மைத்துனருக்கும் சக நீதிபதிகளுக்கும் எழுதிய கடிதங்கள் வழியாக நகர்ந்து, சட்டப் புத்தகத்தில் போய் நின்றது. அச்சில் இருக்கும் தீர்ப்புகளை மட்டும் புரட்டினால் இந்தப் பாதை கண்ணுக்கே தெரியாது.

தீர்ப்புகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் பெரிய அரசியல் சாசனக் கருத்துகள் சில, தீர்ப்பாக வராமல் கடிதமாகத்தான் வந்தன. 1787 ஆகஸ்ட் 26ல், பிலடெல்பியாவில் சாசனம் எழுதும் அவையில் இருந்த ரிச்சர்ட் டாப்ஸ் ஸ்பெய்ட்டுக்கு ஐரடெல் எழுதியதைப் படித்துப் பாருங்கள். சட்டமன்றம் செய்த சட்டத்தை நீதிமன்றம் செல்லாது என்று தள்ளுவது அத்துமீறல் என்று ஸ்பெய்ட் கொதித்திருந்தார். அதற்கு ஐரடெல் பொறுமையாகப் பதில் சொல்கிறார்: சாசனமும் சட்டம்தான், அடிப்படைச் சட்டம். இரண்டு சட்டம் முன்னால் இருக்கும்போது நீதிபதி ஒன்றைப் பார்க்காதது போல் கண்ணை மூடிக்கொள்ள முடியாது. சாசனத்துக்கு முரணான சட்டம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன மார்பரி வழக்குத் தீர்ப்பு வந்தது 1803ல். அதற்குப் பதினாறு வருடம் முன்னால், நண்பருக்கு எழுதிய தாளில் அந்த வாதம் முழுசாக இருக்கிறது.

அப்புறம் 1792 ஜூன் 8ல் எழுதிய கடிதம். போரில் ஊனமுற்ற வீரர்களின் ஓய்வூதிய மனுக்களைச் சுற்று நீதிமன்றங்கள் பரிசீலிக்க வேண்டும், முடிவைப் போர்த்துறைச் செயலாளர் மாற்றலாம் என்று காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டது. நீதிமன்றத்தின் முடிவை நிர்வாகம் திருத்துவதா? ஐரடெல்லும் மாவட்ட நீதிபதி ஜான் சிட்கிரீவ்ஸும் சேர்ந்து குடியரசுத் தலைவருக்கே தங்கள் ஆட்சேபத்தை எழுதினார்கள். அந்தக் கடிதத்தில் என்னைத் தொட்டது ஒன்று உண்டு. சட்டம் தவறு என்பதோடு அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. அதனால் காயம்பட்ட வீரர்கள் கஷ்டப்படக் கூடாதே, நீதிபதியாக இல்லாமல் ஆணையராக இருந்தாவது இந்த வேலையைச் செய்ய முடியுமா என்றும் அதில் யோசிக்கிறார்கள். அப்படி ஒரு தயக்கத்தைக் கடிதம்தான் தாங்கும்.

உங்களுக்குத் தெரிந்த சிஷோல்ம் வழக்குக்கு வருகிறேன். ஒரு மாநிலத்தின் மீது வேறு மாநிலத்துக்காரர் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குப் போட முடியுமா என்பது கேள்வி. 1793ல் நான்கு பேர் முடியும் என்றார்கள். ஐரடெல் ஒருவர் மட்டும் மாறுபட்டார். 1795ல் அரசியல் சாசனத்தின் பதினோராவது திருத்தம் நிறைவேறி, அந்தத் தீர்ப்பின் பலனை இல்லாமல் ஆக்கியது. இதெல்லாம் பாடத்தில் இருக்கும். அந்த விவகாரத்தை அவர் முதலில் சந்தித்தது ஜார்ஜியாவில், சுற்றில் போன இடத்தில் என்பதைக் கவனித்தீர்களா? நீங்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய அந்தச் சாலைதான் அவரை அந்த வழக்கிடம் கொண்டு சேர்த்தது.

அந்த வழக்கில் அவருக்கு நேர் எதிராக நீண்ட தீர்ப்பு எழுதியவர் ஜேம்ஸ் வில்சன். சுதந்திரப் பிரகடனம், அரசியல் சாசனம் இரண்டிலும் கையெழுத்துப் போட்டவர், பெரிய சட்ட மேதை. நில வியாபாரத்தில் கடன் மேல் கடன் வாங்கி மூழ்கிப்போனார். உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருக்கும்போதே நியூ ஜெர்சியில் கடனுக்காகச் சிறையில் அடைக்கப்பட்டார். அங்கிருந்து தெற்கே வந்து, கடைசியில் ஒதுங்கிய ஊர் எது? ஐரடெல்லின் ஈடன்டன். கடன்காரர் அங்கேயும் விடவில்லை. இளம் மனைவி ஹன்னா கிரே அங்கே வந்து சேர்ந்து, ஹார்னிப்ளோ விடுதியின் ஓர் அறையில் இரவும் பகலும் பார்த்துக்கொண்டார். கணவருடைய நிலைமையை அவருடைய முதல் மனைவியின் மகனுக்குக் கடிதங்களில் எழுதியிருக்கிறார். 1798 ஆகஸ்ட் 21ல் வில்சன் இறந்தார். ஜான்ஸ்டன் குடும்பத்து ஹேய்ஸ் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். கைம்பெண்ணான ஹன்னா கிரேக்கு ஐரடெல் வீடு அடைக்கலம் கொடுத்தது. 1906ல்தான் வில்சனின் எச்சங்கள் பிலடெல்பியாவுக்குப் போயின.

தீர்ப்புத் தொகுப்பில் இவர்கள் இருவரும் எதிரெதிர்ப் பக்கம். கடிதங்களில் ஒருவர் ஊரில் இன்னொருவர் ஒளிந்திருந்து சாகிறார், இவர் வீட்டு மனிதர்கள் அவரைப் புதைக்கிறார்கள். மாறுபட்ட கருத்து என்றால் என்ன என்று எனக்குப் புரியவைத்தது எந்தச் சட்டப் புத்தகமும் இல்லை, இதுதான். அடுத்த ஆண்டு, 1799 அக்டோபரில், ஐரடெல்லும் போய்விட்டார். வயது 48. சாலைகள் அவர் உடம்பைத் தின்றுவிட்டன என்றே நான் நினைக்கிறேன்.

ஐரடெல்லின் மனைவி ஹன்னாவின் அந்தரங்கம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கூச்ச சுபாவம் உள்ள அந்தப் பெண் இதை விரும்பியிருக்க மாட்டார் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. அந்தச் சங்கடத்தோடுதான் படிக்கிறேன், படிக்காமல் விட மாட்டேன். நாட்டின் நீதித்துறை நடந்ததற்கு மாதக்கணக்கில் தனியாக இருந்து விலை கொடுத்தவர் அவர். அந்தக் கடிதங்களை மூடிவைத்தால் அவர் கொடுத்த விலையும் சேர்ந்து மறைந்துபோகும்.

எங்கிருந்து தொடங்குவது? பேத்தியின் கணவர் கிரிஃபித் மெக்ரீ 1857-58ல் இரண்டு தொகுதிகளாகக் கடிதங்களை வெளியிட்டார். வாசிக்கச் சுகமானது, ஆனால் தொகுத்தவர் வீட்டு மாப்பிள்ளை என்பதை மறக்க வேண்டாம். கையெழுத்துப் பிரதிகளிலிருந்து புதிதாகப் பதிப்பித்த தொகுதிகளில் முதல் இரண்டு 1976லும் மூன்றாவது 2003லும் வந்தன. உங்களுக்கு அவை நல்லது. முதலில் ஸ்பெய்ட்டுக்கு எழுதியதைப் படியுங்கள். அப்புறம் வரிசையை விடாமல், எதையும் தாண்டாமல் போங்கள்.

இப்போது அடிமைகள். 1788ல், சாசனத்தை ஏற்பதா என்று முடிவு செய்ய வட கரோலைனாவில் கூடிய ஹில்ஸ்பரோ அவையில் அதற்காக வாதாடியபோது, அடிமைமுறை முழுவதும் ஒழியும் நாள் பெருந்தன்மை உள்ள ஒவ்வொரு மனதுக்கும் மகிழ்ச்சியான நாளாக இருக்கும் என்று ஐரடெல் பேசினார். பேசிவிட்டுத் திரும்பிப் போன வீட்டில் அடிமைகள் இருந்தார்கள். இரண்டையும் சமாதானப்படுத்த என்னிடம் வார்த்தை இல்லை, தேடவும் மாட்டேன். அவர் மாதக்கணக்கில் சுற்றில் இருக்க, ஈடன்டன் வீட்டு வேலைகள் நின்றுவிடாமல் நடந்தது யாருடைய கைகளால் என்பதை அந்தக் கடிதங்களைப் படிக்கும்போது கூடவே கேட்டுக்கொள்ள வேண்டும். முதல் கட்டுரையில் நான் கேட்கவில்லை.

வில்சன் இறந்த அந்த விடுதியில் மோலி ஹார்னிப்ளோ என்ற பெண் அடிமையாக உழைத்தார். அந்த நாட்களில் அவரும் அங்கேதான் இருந்திருக்க வேண்டும். அவருடைய பேத்தி ஹேரியட் ஜேக்கப்ஸ் 1813ல் அதே ஊரில் பிறந்தவர். எஜமானின் தொல்லையிலிருந்து தப்பி, பாட்டி வீட்டுக் கூரைக்கு அடியில், ஒன்பது அடி நீளம், ஏழு அடி அகலம், அதிகபட்சம் மூன்று அடி உயரம் உள்ள இடுக்கில் ஏறக்குறைய ஏழு வருடம் ஒளிந்திருந்தார். அங்கே படுத்தபடியே எஜமானுக்குக் கடிதங்கள் எழுதி, நம்பிக்கையான ஆள் மூலம் நியூயார்க் கொண்டுபோய் அங்கிருந்து தபாலில் போட வைத்தார். அவர் வடக்கே போய்விட்டார் என்று எஜமான் நம்பி அங்கே தேடினார். எஜமான் தேடிய பெண் சில தெருக்கள் தள்ளித் தலைக்கு மேலே இருந்தார். 1861ல் வெளியான தன் வரலாற்றில் ஹேரியட்டே இதை எழுதியிருக்கிறார். ஐரடெல்லின் மூன்று தொகுதிகளை வாங்கும்போது அதையும் சேர்த்து வாங்குங்கள். அதுவும் ஈடன்டனிலிருந்து எழுதிய கடிதங்களின் கதைதான்.