வாய் உடைந்த கொடுவாளைச் சூடேற்றாமல் சீர்செய்வது எப்படி?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வேலியோரத்தில் மண்டிக் கிடந்த சீமைக் கருவேல முள்ளைக் கழித்தபோது, லாரியின் வில் பட்டையை அடித்துச் செய்த எங்கள் கொடுவாள் வேலிக் கல்லுக்காலில் பட்டு வாய் உடைந்துவிட்டது. இரண்டு இடங்களில் பெயர்ந்திருக்கிறது. அதில் ஒன்று 3 மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். அதையடுத்து ஒரு விரற்கடை நீளத்துக்கு வாய் மடங்கியும் இருக்கிறது. வெல்டிங் வைத்து நிரப்பிவிடலாம் என்கிறார் ஒருவர். கிரைண்டரில் காட்டினால் ஐந்து நிமிட வேலை என்கிறார் இன்னொருவர். எதைச் செய்யலாம்?
– வாசகர், பென்னாகரம்

பதில்: வெல்டிங் அறவே கூடாது. கிரைண்டரையும், வீட்டில் ஓர் அரம் இருக்கும்வரை, தள்ளியே வையுங்கள். கல்லில் பட்டதால் உங்கள் கொடுவாளுக்கு நேர்ந்தது சிறிய சேதந்தான். சீர்செய்கிறேன் என்று சூடேற்றினால் நேர்வதே பெரிய சேதம்.

லாரிப் பட்டை எஃகில் அரை சதவீதத்துக்குச் சற்று மேல் கரி கலந்திருக்கும். பட்டறையில் அதைப் பழுக்கக் காய்ச்சி, அடித்து, தோய்ச்சல் வைத்து (அதாவது பழுத்த நிலையில் முக்கிச் சட்டென்று குளிரவைத்து), பின்பு அளவான சூட்டில் பதம் இறக்கியிருப்பார்கள். வாய் நிற்பதும் முறியாமல் தாங்குவதும் அந்தப் பதத்தினால்தான். சாதாரண வெல்டிங் கம்பியால் நிரப்பிய இடம் மெத்தென்றிருக்கும். அதையொட்டிய எஃகோ சட்டென்று காய்ந்து, சட்டென்று குளிர்ந்து, கண்ணாடியாக நொறுங்கும் தன்மையை அடைந்துவிடும். அடுத்த வெட்டில் பெயர்வது 3 மில்லிமீட்டராக இருக்காது. ஒரு பெரிய துண்டே தெறித்து யார் மீதாவது பாயலாம்.

முதலில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். பெயர்ந்த இடத்தைத் துடைத்து மண்ணெண்ணெய் தடவிப் பத்து நிமிடம் விட்டு, ஈரமில்லாமல் நன்றாகத் துடைத்துவிட்டு, அதன்மேல் சாக்பீஸைத் தேயுங்கள். விரிசல் இருந்தால், அதற்குள் புகுந்த எண்ணெய் மெல்லக் கசிந்து வெள்ளைப் பூச்சின்மேல் கறுப்புக் கோடாகத் தெரியும். அந்தக் கோடு பெயர்ந்த இடத்தைத் தாண்டி முதுகை நோக்கி ஓடியிருந்தால், அதை இனி வெட்டுவதற்குப் பயன்படுத்த வேண்டாம். பட்டறையில் கொடுத்து, விரிசலுக்கு அப்பாலுள்ள பகுதியில் களைக்கொத்து மாதிரி சிறிய கருவி ஏதாவது அடித்து வாங்கிக்கொள்ளலாம்.

உடைந்த இடத்தின் உள்முகத்தையும் வெயிலில் சாய்த்துப் பாருங்கள். நுண்மையாக, மங்கிய சாம்பல் நிறத்தில் இருந்தால் எஃகு நல்ல எஃகு. கல்லில் பட்டதைத் தவிர வேறு குறையில்லை என்று கொள்ளலாம். சர்க்கரைப் பரல் போல மினுமினுத்தால் உலையிலேயே சூடு மீறியிருக்கிறது. எத்தனை முறை தீட்டினாலும் அது மீண்டும் மீண்டும் பெயரும். ஒரே கொடுவாளில் ஓரிடம் பெயர்ந்தும் ஓரிடம் மடங்கியும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கையால் தோய்ச்சல் வைத்த கருவிகளில் பதம் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இறங்குவதில்லை என்பதால் இது வழக்கமானதே, கவலைப்பட வேண்டியதில்லை.

மடங்கிய இடத்தைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்த முயலாமல், அதையும் சேர்த்தே அராவிவிடுங்கள். கொடுவாளை வைஸில், இரண்டு பக்கமும் மரச்சில் வைத்து, வாய் மேலே பார்க்கும்படி இறுக்குங்கள். தட்டை அரத்தை ஒரே திசையில் தள்ளி, வாய் முழுவதையும் அதன் வளைவு மாறாமல் கீழிறக்கிக்கொண்டே வாருங்கள். பெயர்ந்த இடத்தை மட்டும் குடைந்தால் வாய் அலையலையாகி, கிளையில் மாட்டும். அதே சமயம், 3 மில்லிமீட்டரையும் ஒரேயடியாக இறக்க வேண்டும் என்பதில்லை. இது முள் வெட்டும் கருவி, காய் நறுக்கும் கத்தியன்று. இரண்டு மில்லிமீட்டர் இறக்கிவிட்டு மிச்சக் குழியை விட்டுவிட்டால், அடுத்தடுத்துத் தீட்டும்போது அது தானே மறையும். கொடுவாளின் ஆயுளும் கூடும்.

பலர் கோட்டைவிடுவது இதற்கு அடுத்த இடத்தில்தான். வாயைக் கீழிறக்கியபின் எஃகின் தடித்த பகுதி முன்னுக்கு வந்துவிடுகிறது. அதை அப்படியே தீட்டினால் கூர் வரும், ஆனால் வெட்டு இறங்காது, கை வலிக்கும். ஆகையால் வாய்க்குப் பின்னால் ஒரு விரல் அகலத்துக்கு இரண்டு பக்கத்தையும் சரித்து அராவி மெலிதாக்கிய பின்னரே, நுனியில் பக்கத்துக்கு 25 பாகை அளவில் வாய் எடுக்க வேண்டும். ஒரு பக்கம் தீட்டத் தீட்ட மறுபக்கத்தில் பிசிறு தட்டுப்படும். அதை முதுகிலிருந்து வாயை நோக்கி விரலை இழுத்துப் பாருங்கள், வாயின் நீளத்தில் ஒருபோதும் ஓட்டாதீர்கள். பிசிறு முழு நீளத்துக்கும் வந்தபின் பக்கம் மாற்றி, கடைசியில் நயக் கல்லில் இரண்டு பக்கமும் லேசாக மாறி மாறித் தேய்த்தால் அது உதிர்ந்துவிடும்.

அரம் பிடிக்காமல் வழுக்கினால் கிரைண்டரைத் தவிர்க்க முடியாமற்போகலாம். அப்போது பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கட்டும், கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள், வாய்மேல் இருக்கும் தண்ணீர் உலர்வதற்குள் எடுத்து மறுபடி முக்குங்கள். எஃகு சுமார் 220 பாகை செல்சியஸில் வைக்கோல் நிறம் காட்டும். 300ஐ நெருங்கும்போது நீலம் பாயும். மெல்லிய வாயில் இந்த நீலம் வர ஓரிரு நொடிகளே போதும். நீலம் கண்ட இடம் பதம் இழந்த இடம். மேலாக உப்புத்தாள் போட்டு நிறத்தை அழித்துவிட்டால் பதம் திரும்பிவிடாது. அந்தப் பகுதியைக் குளிர்ந்த நிலையில் அராவி நீக்க வேண்டும், இல்லையேல் பட்டறையில் மறுபடி தோய்ச்சல் வைக்க வேண்டும்.

கேள்வி: மலையேற்றத்துக்கென்று வாங்கிய துருப்பிடிக்காத எஃகுக் கத்தியால் ஒரு டப்பா மூடியை நெம்பியபோது நுனி அரை அங்குலம் ஒடிந்துவிட்டது. புதிய நுனி எடுக்க முடியுமா?
– வாசகர், தேன்கனிக்கோட்டை

பதில்: முடியும். வாயைத் தொடாமல், முதுகுப் பக்கத்திலிருந்து சரித்துத் தேய்த்து வாயோடு சேருங்கள். அப்படிச் செய்தால் பழைய கூரும் வளைவும் அப்படியே நிற்கும். இவ்வகை எஃகில் அரம் பெரும்பாலும் வழுக்கும் என்பதால் வைரத்தூள் பதித்த தகட்டில், தண்ணீர் விட்டு, பொறுமையாகத் தேயுங்கள். நெம்புவதற்கு இனி ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று: உங்கள் பகுதிக் காடுகளில் ஒரு பகுதி காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயத்துக்குள் வருகிறது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் விளக்கத்தில் கத்தியும் ஆயுதந்தான். எழுத்து மூலமான முன் அனுமதியின்றி ஆயுதத்தோடு சரணாலயத்துக்குள் நுழையக் கூடாது.

கேள்வி: மழைக்காலம் முழுக்கக் கூரையில் செருகியிருந்த கத்தி துருவேறிவிட்டது. புளியில் ஊறவைத்தால் போதுமா?
– வாசகர், அரூர்

பதில்: புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் துருவைக் கரைக்கும், ஆனால் இரவு முழுக்க ஊறவிட்டால் நல்ல எஃகையும் அரிக்கும். கெட்டியான கரைசலைப் பூசி, அரை மணிக்கொருமுறை தேங்காய் நாரால் தேய்த்துப் பார்த்து, துரு போனவுடன் சாம்பல் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து எண்ணெய் தடவுங்கள். மிஞ்சும் கறுப்புப் படிவத்தைச் சுரண்ட வேண்டாம். தோலுறை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால், மழைக்காலத்தில் கத்தியை உறையின்றிச் சுவரில் மாட்டி வையுங்கள்.