வேலையை வெளிநாட்டுக்கு அனுப்பினால் அமெரிக்காவில் வரிச்சலுகையா?

கேள்வி: ஆலையை மூடிவிட்டு வெளிநாடு போகிற கம்பெனிக்கு அமெரிக்க அரசே வரிச்சலுகை தருகிறது என்கிறார்களே, நிஜமா?

அந்தப் பெயரில் தனிச் சலுகை எதுவும் கிடையாது. இயந்திரத்தைக் கழற்றி, கப்பலேற்றி, வேறிடத்தில் பூட்டுகிற செலவை மற்ற தொழில் செலவுகளைப் போலவே வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். ஒஹையோவிலிருந்து டெக்சாஸுக்குப் போனாலும் மெக்சிகோவுக்குப் போனாலும் கணக்கு ஒன்றே. வெளிநாடு போகிறவர்களுக்கு இந்தக் கழிவை நிறுத்தி, வேலையைத் திரும்பக் கொண்டுவருகிறவர்களுக்கு அந்தச் செலவில் 20 சதவீதத்தை வரியில் குறைக்க 2012 இல் ஒரு மசோதா செனட்டுக்கு வந்தது. 60 ஓட்டு வேண்டியிருந்தது, 56 தான் விழுந்தது. 2014 இலும் அதே கதி.

கேள்வி: அப்படியானால் பெரிய ஓட்டை எது?

லாபத்துக்கான வரிதான். நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான், இயந்திரத்தை இடம் மாற்றுகிற லாரி வாடகையைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டதில் இது பலர் கண்ணில் படவே இல்லை. 2017 வரை உள்நாட்டு லாபத்துக்கு 35 சதவீத வரி, ஆனால் வெளிநாட்டுத் துணை நிறுவனம் தொழில் செய்து சம்பாதித்த லாபத்துக்குப் பெரும்பாலும் அதை ஊருக்குக் கொண்டுவரும்போதுதான் வரி, கொண்டுவராமலே வைத்திருந்தால் வருடக்கணக்கில் தள்ளிப்போடலாம். 2004 இல் 'வேலைவாய்ப்பு உருவாக்கச் சட்டம்' என்றே பெயர் வைத்து, ஒருமுறை மட்டும் 5.25 சதவீதம் கட்டினால் போதும் என்றார்கள். சுமார் 31,000 கோடி டாலர் உள்ளே வந்தது. பங்குகளைத் திரும்ப வாங்க அதைப் பயன்படுத்தக் கூடாது என்று விதி இருந்தும் பெரும்பகுதி பங்குதாரர்களுக்கே போனது, சில கம்பெனிகள் பணத்தையும் கொண்டுவந்து ஆட்களையும் குறைத்தன. இன்றைக்கும் எனக்கு இது ஆறாத விஷயம்.

கேள்வி: 2017 வரிச் சட்டம் அதைச் சரிசெய்துவிட்டதே?

பாதிதான். உள்நாட்டு வரி 21 ஆனது, தள்ளிப்போடுவதும் பெருமளவு நின்றது, ஆனால் வெளிநாட்டு லாபத்துக்கு விகிதம் 10.5 தான். அதிலும் ஒரு விலக்கு: வெளிநாட்டு ஆலை, இயந்திரங்களின் மதிப்பில் 10 சதவீதம் வரையான லாபத்துக்கு அந்த வரியே இல்லை. 100 கோடி டாலரில் அங்கே ஆலை கட்டினால் வருடத்துக்கு முதல் 10 கோடி லாபம் தப்பிக்கும். அதாவது அங்கே எவ்வளவு பெரிய ஆலை கட்டுகிறீர்களோ, அவ்வளவு அதிக லாபம் வரியிலிருந்து தப்பிக்கும்! இந்த விலக்கை 2025 சட்டம் எடுத்துவிட்டது, 2026 முதல் விகிதமும் 12.6. நல்ல மாற்றம், ஆனால் 21 க்கும் 12.6 க்கும் நடுவில் இருக்கிற இடைவெளி இன்னும் நிற்கிறது.

கேள்வி: சென்னையில் அமெரிக்கக் கம்பெனியின் கிளையில் வேலை பார்க்கிறேன். 25 சதவீத வரி வந்தால் என் வேலை போய்விடுமா?

2025 செப்டம்பரில் செனட்டில் அறிமுகமான மசோதாவைச் சொல்கிறீர்கள். வெளிநாட்டு ஆட்களிடம் வேலை வாங்கிக் கட்டும் தொகைக்கு 25 சதவீத வரி, அந்தத் தொகையைச் செலவாகக் கழிக்கவும் முடியாது என்பது யோசனை. அறிமுகமானது எல்லாம் சட்டமாவதில்லை, ஆனால் அப்படியே நிறைவேறினால் அடி பலமாகத்தான் இருக்கும், அதை மறைக்க மாட்டேன். சரி, உங்கள் வேலை சென்னைக்கு வந்ததற்குப் பெரிய காரணம் சம்பள வித்தியாசம். நம் மென்பொருள் பூங்காக்களுக்கு இருந்த வருமான வரி விலக்கு 2011 மார்ச்சோடு முடிந்தது, அதற்குப் பிறகும் கிளைகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன.