பவர் பேங்க் பெட்டியிலா, கைப்பையிலா?

கேள்வி: சிங்கப்பூரில் இருக்கும் மகளைப் பார்க்கப் போகிறேன். 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்கைப் பெட்டியில் போடலாமா?
- வாசகி, திருச்சி

பதில்: பெட்டியில் வேண்டவே வேண்டாம் அம்மா, கைப்பையில்தான். பேட்டரி தேக்கும் மின்சக்தியை வாட்-ஹவரில் சொல்வார்கள்; 100 வாட்-ஹவர் வரை தனி அனுமதி தேவையில்லை. உங்களுடைய 20,000 எம்.ஏ.எச். என்பது 20 ஆம்பியர்-ஹவர், பேட்டரியின் 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 74 வாட்-ஹவர்தான். பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் இந்த விவரம் அழிந்திருந்தால் சோதனையில் சிக்கல் வரும்.

பவர் பேங்கில் இருக்கும் லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால், அது விமானப் பணியாளர்கள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். கீழே சரக்கறையில் யார் போய் அணைப்பது? 2025 ஜனவரியில் தென் கொரியாவின் ஏர் பூசான் விமானம் புறப்படும் முன்பே எரிந்ததே, அந்தத் தீ தலைக்கு மேலுள்ள சாமான் அடுக்கில்தான் தொடங்கியது. அதனால் காலடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், ஸ்கூட் இரண்டிலும் 2025 ஏப்ரல் முதல் விமானத்துக்குள் பவர் பேங்கில் போனுக்கு சார்ஜ் போடத் தடை. சரி, கிளம்புமுன் போனை நிரப்பிக்கொள்ளுங்கள். அப்புறம், பவர் பேங்க் கொஞ்சம் உப்பியிருந்தாலும் கொண்டுபோகாதீர்கள்.